பாசியக்காவின் கயிறு

காற்றை முகர்ந்து பார்த்து வாங்கிய ஒரே வாடிக்கை எனக்கு அவர்தான். பரமத்தி வேலூரிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் என் பட்டறை இருக்கிறது. போர் போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர்களைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ரிக் வண்டிக்காரர்களுக்குக் கம்ப்ரசர் எப்போது ஓடும் என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. காற்று எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் கேட்டார்.

ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரத்தில், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் சிலிண்டரைக் கட்டி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கடிகாரம். ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜனா என்று கேட்டேன். இல்லை, வெறும் காற்றுதான், தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கு என்றார். எழுநூறு அடி ஆழத்திலிருந்து பாறைத் தூளை மேலே தள்ளுகிற கம்ப்ரசர்கள் என் பட்டறையில் வரிசையாக நிற்கின்றன, இந்தச் சின்னக் குடத்துக்குக் காற்றடிக்க முடியாதா என்று நான் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ரிக் கம்ப்ரசரின் அழுத்தம் இதற்குப் பத்தாது, பத்தினாலும் அந்தக் காற்றில் ஆயில் புகை கலந்திருக்கும், அதை இழுத்தால் நுரையீரல் போய்விடும் என்று எனக்கே என் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார். சிலிண்டர் நிரப்புவதற்கென்றே இருக்கிற சின்ன கம்ப்ரசர் ஒன்றை எங்கோ பழையதாக வாங்கி வைத்திருந்தார். அது ஓடவில்லை. அதைச் சரி செய்து என் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பிக் கொடுக்க முடியுமா என்பதுதான் அவர் கேட்க வந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தார். கணவர் வங்கியில் வேலை. பிறந்தது எங்கள் ஊர்தான், நான் சின்னப் பையனாக இருந்தபோதே வெளியூர் போய்விட்டவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு கோடை விடுமுறைகளைக் கடலோரத்தில் கழித்து முக்குளிப்புக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கடலில் மீன் பார்க்கவோ பவளம் பார்க்கவோ அல்ல. எங்கள் ஊத்துப்பள்ளத்தில் பாசி எண்ணுவதற்கு. ஊரில் அவருக்குப் பாசியக்கா என்று பெயர் வைத்ததற்கு வேறு காரணம் வேண்டாம். நானும் அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் பெயரை எழுத இங்கேயும் கை வரவில்லை.

ஊத்துப்பள்ளம் என்பது பெரிய ஆறு ஒன்றும் இல்லை. ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் ஊற்றாகப் பிறந்து, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே வளைந்து போய்க் காவிரியில் சேரும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். பிறக்கிற இடத்தில் ஒரு மடு. அந்த மடுவின் அடியில் பாறை இடுக்குகளில் ஊற்றுக்கண்கள் உண்டு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குள் நாடா நாடாவாக நீண்ட பாசி, ஒரே பக்கம் சீவிய தலைமுடி போல நீரோட்டத்தோடு சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். நாடாப்பாசி என்போம். மாட்டுக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது, அதனால் அதை யாரும் கவனித்ததில்லை.

இரண்டு ஆள் ஆழத்துக்குச் சிலிண்டர் எதற்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமண் அள்ளி வருவார்களே என்று நான் ஒரு முறை கிண்டல் செய்தேன்.

"முங்கறதுக்கு வேண்டாங்க தம்பி. இருக்கறதுக்கு வேணும்" என்றார்.

உண்மைதான், அவர் உள்ளே போய் இருந்துவிடுவார். கரையிலிருந்து கரைக்கு ஒரு நைலான் கயிறு கட்டி, சொட்டுநீர்க் குழாயை வெட்டி அவரே செய்த ஒரு சதுரச் சட்டத்தை அடியில் வைத்து, அதற்குள் எந்தப் பாசி எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணி, தண்ணீரில் அழியாத ஒரு வெள்ளை அட்டையில் பென்சிலால் எழுதுவார். சட்டத்தை நகர்த்துவார். மறுபடி எண்ணுவார். ஒரு மணி நேரம் ஆகும். மேலே குமிழி வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். தனியாக இறங்கக் கூடாது, துணைக்கு இன்னொருவர் இறங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டமாம். எங்கள் ஊரில் துணைக்கு இறங்க ஆள் ஏது. அதனால் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் இழுத்தால் தூக்கு என்று அர்த்தம்.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வண்டிகளை ஓட வைப்பவனுக்கு இது ஒரு குறைதான், என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். என்னைப் போய் ஏன் கயிறு பிடிக்க வைத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். நீச்சல் தெரிந்தவனாக இருந்தால் பதறிப்போய்க் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்துவிடுவான், உங்களுக்குப் பயம், அதனால் கயிற்றை விடமாட்டீர்கள் என்றார். இது பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. எதைக் கேட்டாலும் அதுதான் வரும். "இறங்கிப் பாக்கோணும்." மழை வருமா என்று கேட்டால் வெளியே இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஓட்டலில் சாம்பார் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னால் போதாது, நேராகச் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டிக் குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவார். சப்ளையர் முறைப்பான், அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். என் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தபோது, தங்கமான குடும்பம் என்று தரகர் சொன்னதை நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த ஊருக்குப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் அல்ல, பக்கத்து டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார். உட்காரவில்லை. போய் உட்கார்ந்தேன். குடும்பம் உண்மையிலேயே தங்கமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னபோது, "அப்பச் சரி" என்றார், ஏதோ அவர்தான் கட்டிக்கொடுக்கிற மாதிரி.

எங்கள் மடுவின் நடுக் குழிக்கு மட்டும் அடியே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கட்டில் கயிற்றை முழுசாக இறக்கியும் எட்டவில்லை என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். யார் இறக்கிப் பார்த்தது என்று அக்கா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரமே இறங்கினார். பத்து நிமிடத்தில் மேலே வந்து, இரண்டரை ஆள் ஆழம், அதற்குக் கீழே பாறை என்றார். கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. சேற்றைத் துடைத்தால் என் அம்மாவின் பெயர் பொறித்திருந்தது.

அந்தச் சொம்புக்கு ஒரு கதை உண்டு. ஏதோ ஒரு ஆடிப்பெருக்கு அன்று எல்லோரும் மடுவுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனபோது அது காணாமல் போனது. சின்னம்மா எடுத்துக்கொண்டாள் என்று அம்மா முடிவு கட்டினாள். அதன் பிறகு பல வருடம் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை, ஒரே பந்தியில் உட்கார்ந்தால்கூட என் மூலமாகத்தான் ரசம் கேட்பார்கள். அக்கா சொம்பைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே அதில் பால் ஊற்றிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனாள். நான் அதற்காகவே அந்த அக்காவை ஆயுசுக்கும் வணங்குவேன்.

ஆனால் அதே அக்காவிடம் நான் ஒரு முறை பொய் சொன்னேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சின்ன கம்ப்ரசரில் கரி நிரப்பிய ஒரு ஃபில்டர் உண்டு. குறிப்பிட்ட மணி நேரம் ஓடினால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். எங்கள் ரிக் தொழிலில் அப்படி எதையும் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது. ஃபில்டரைக் கழற்றி, தரையில் நாலு தட்டு தட்டி, காற்றடித்து ஊதி, வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டுவோம். வண்டி அது பாட்டுக்கு ஓடும். புது ஃபில்டர் வர நாலு நாள் ஆகும் என்றார்கள், அக்காவுக்கு மறுநாள் காலையில் சிலிண்டர் வேண்டும். நான் பழையதைத் தட்டி வெயிலில் வைத்து மாட்டிவிட்டேன்.

காலையில் வந்தார். வழக்கம்போல வால்வைக் கொஞ்சம் திறந்து, உள்ளங்கையைக் குவித்துக் காற்றைப் பிடித்து, கடையில் நெய் வாசம் பார்ப்பது போல முகர்ந்தார். ஃபில்டர் புதிதா என்று கேட்டார். புதிதுதான் என்றேன். இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு வால்வை முழுசாகத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சிலிண்டர் முழுவதும் காலியாகும் வரைக்கும் அந்தச் சத்தம் பட்டறை பூராவும் கேட்டது. ரிக் டிரைவர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

"தம்பி, உள்ள போறது நானுங்க" என்றார். "இந்தக் காத்துலதான் நான் மூச்சும் உடோணும், யோசனையும் பண்ணோணும்."

அவ்வளவுதான். நாலு நாள் கழித்துப் புது ஃபில்டர் வந்த பிறகு வந்தார், பழையபடி கயிற்றை என் கையில் கொடுத்தார். இனி இவனை நம்பக் கூடாது என்று நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கயிற்றைக் கொடுத்ததுதான் தாங்கவில்லை.

பள்ளம் கெட ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம். துணி துவைக்கிற கல் வழுக்குகிறது என்று பெண்கள் முதலில் சொன்னார்கள். பிறகு பிள்ளைகள் குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் கீழே போய் வந்து சொல்வார். நாடாப்பாசியின் இலைகள் மேல் நூல் நூலாக வேறொரு பாசி படிகிறது, பஞ்சு மில்லில் தூசி படிகிற மாதிரி. ஓட்டம் வேகமாக இருந்தால் அது படியாது, அடித்துக்கொண்டு போய்விடும். படிகிறது என்றால் ஓட்டம் குறைந்திருக்கிறது. வெளிச்சம் இல்லாமல் நாடா அழுகுகிறது, அந்த இடத்தில் கொத்துக் கொத்தாக ஒரு முள்ளுப்பாசி ஏறுகிறது. எண்ணி எழுதிய அட்டைகளை வரிசையாக என் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்துக் காட்டினார். முதல் அட்டையில் கட்டம் நிறைய நாடா. கடைசி அட்டையில் ஒரு கட்டத்தில்கூட இல்லை. அதைப் பார்த்தபோதுதான், பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருக்கிற ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கே உறைத்தது.

ஊருக்கு அட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. மேற்கே இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையின் கழிவு ஒரு சின்ன ஓடை வழியாக வந்து, மடுவுக்குக் கீழே இருக்கிற பாலத்தருகே பள்ளத்தில் சேர்ந்தது. ஆலைதான் காரணம் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. மனு எழுதினார்கள். படித்தவர், பாசி எண்ணுகிறவர் என்று அக்காவிடம் முதல் கையெழுத்துக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன கூட்டத்தில் முன்னால் நின்றவர் அவருடைய அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடுவை ஒட்டிய தோட்டம் அவருடையது, அக்காவின் பிறந்த வீடு அதுதான். அப்பா சீக்கிரம் இறந்ததால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு தங்கையைப் படிக்க வைத்தவர். அவர் கல்யாணத்தில் தங்கை இணைச்சீர் செய்தாள், எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு உடன் பிறந்தவள் செய்கிற சீர் அது. அதற்குப் பதிலாகத் தன் பங்குக்கு ஒவ்வொரு வருடமும் ஆடி நோம்பி என்கிற ஆடிப் பண்டிகைக்கு அவரே கடைக்குப் போய்ச் சீலை எடுத்து, அவரே கொண்டுபோய்த் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். அக்கா எங்கே போனாலும் ஆடிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்.

அண்ணன் முன்னால் நின்றும் அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஆலைக் கழிவு பாலத்தில் சேர்கிறது, ஆனால் நாடா பாலத்துக்கு மேலேயும் செத்திருக்கிறது, கழிவு மேட்டுக்கு ஏறாதே என்றார். அப்படியானால் என்ன காரணம் என்று கேட்டார்கள். தெரியாது, இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

காரணம் தற்செயலாகத்தான் அகப்பட்டது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாளில் அவர் இறங்கியிருந்தார். ஊற்றுக்கண்ணில் தண்ணீர் பொங்கி வரும்போது அதன் வாயில் கிடக்கிற மணல், உலையில் அரிசி கொதிப்பது போலத் துள்ளும். பல மாதமாக அடங்கிக் கிடந்த மணல் அன்றைக்குத் துள்ளியது. மேலே வந்தவர் முகமூடியைக் கழற்றவே இல்லை, கரண்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தண்ணீரில் நின்றபடியே மடுவைச் சுற்றியிருந்த மோட்டார் ரூம்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

மடுவைச் சுற்றி மூன்று போர்வெல் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டபோது மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். தங்கள் மேல் குற்றம் இல்லை என்று எழுதி வாங்கிவிட்டால் ஆலையை இன்னும் பலமாகப் பிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அண்ணன் மோட்டார் ரூம் சாவியை என் கையிலேயே கொடுத்தார். நம் மோட்டாரில் ஒன்றும் இல்லை என்று நன்றாகப் பார்த்து எழுதிக் கொடு அம்மிணி என்று தங்கையிடம் சொல்லிவிட்டு ஒரு துக்கத்துக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்குக் கயிற்றுக்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டோம். ஒரு இழுப்பு என்றால் மணல் துள்ளுகிறது. இரண்டு என்றால் நின்றுவிட்டது. முதல் மோட்டாரைப் போட்டோம். கால் மணி நேரம் கழித்து ஒரு இழுப்பு. இரண்டாவது மோட்டார். அதற்கும் ஒரு இழுப்புத்தான். சிலிண்டரை மாற்ற மேலே வந்தவர், மூன்றாவதாக அண்ணன் மோட்டார் ரூமைப் பார்த்தார். முந்தின கோடையில் அந்தப் போர் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரிக் வண்டியின் கம்ப்ரசர் மக்கர் செய்து, நான் போய்ச் சரி செய்து, தண்ணீர் பீறிட்டபோது எல்லோரும் நனைந்து, அண்ணன் கிடா வெட்டி எனக்கும் இலை போட்டார். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

"இது எங்கண்ணன் மோட்டருங்க தம்பி. நின்னுச்சுன்னா நாந்தான் சொல்லோணும். சொன்னா எனக்குப் பொறந்த ஊடு இல்லை" என்றார். பிறகு குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கயிறு எட்டுகிற தூரத்தில்தான் அந்த மோட்டார் ரூம், அதைப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டேன். கால் மணி ஆவதற்குள் கயிறு இரண்டு முறை இழுபட்டது. நிறுத்தினேன். காத்திருந்தோம், ஒரு இழுப்பு வந்தது. மறுபடி போட்டேன். இரண்டு இழுப்பு. மறுபடி நிறுத்தி, மறுபடி போட்டு, மறுபடி இரண்டு. போதும், மேலே வாருங்கள் என்று நானே கயிற்றை ஆட்டினேன். அவர் வரவில்லை. சிலிண்டரில் காற்று தீருகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். வேறு மாதிரி ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அன்று அழுகை வந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை.

அடுத்த வாரம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். அக்கா நின்றுகொண்டே பேசினார், நீட்டவில்லை. அட்டைகளைக் காட்டினார், மோட்டார்களை ஓட்டிப் பார்த்ததைச் சொன்னார்.

"பாலத்துக்குக் கீழ ஆலைங்க. பாலத்துக்கு மேல நாம" என்றார். "நாமன்னா, எங்கண்ணன் மோட்டரு."

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மனுவில் பாலத்துக்குக் கீழே கெட்டதற்கு ஆலை காரணம் என்ற பகுதிக்கு மட்டும் அக்கா கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் ஆடிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் ஏதோ வேலையாக நாமக்கல் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரவில்லை.

அண்ணனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். அதையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளே பிறந்த வீட்டுக்குப் போனார். அண்ணி காப்பி கொடுத்தார். அண்ணன் கொடிக்காலுக்குள் போனவர் இருட்டுகிற வரை வெளியே வரவில்லை. திரும்புகிற வழியில் பட்டறையில் ஸ்கூட்டரை நிறுத்தி, "கோவந்தானுங்க. பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு வர வேண்டிய பேச்சுத்தான். எனக்கு வரவில்லை.

கல்லூரியில் தேர்வுகள் வந்தன. ஒன்றரை மாதம் அவர் பள்ளத்துப் பக்கம் வரவில்லை. அவர் முகமூடியும் மற்ற சாமான்களும் என் பட்டறை அலமாரியில் இருந்தன. அந்த இடைவெளியின் ஆரம்பத்திலேயே ஒரு நாள் காலை அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். வந்தவர் உட்காராமல், அலமாரியைப் பார்த்தபடி நின்றார். தங்கச்சி போட்டுக்கொள்கிற அந்தக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நீங்களும் வாருங்கள், மோட்டார் போட ஆள் வேண்டும் என்றார்.

அறுபதை நெருங்கிய மனிதர். ஆனால் கிணற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முகமூடியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் நாலாவது தடவை கண்டுபிடித்துவிட்டார். "துள்ளுதுங்க" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு மோட்டாரைப் போடச் சொன்னார். கரையில் உட்கார்ந்து அவரே கால் மணி நேரத்தை எண்ணினார். மறுபடி முங்கினார். அந்தத் தடவை உள்ளே அதிக நேரம் இருந்தார், நான் பயந்துவிட்டேன்.

மேலே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஈர வேட்டியோடு மோட்டார் ரூமுக்குப் போய், சுவிட்சை நிறுத்தி, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி, கழற்றி வைத்திருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். பாதிக் கொடிக்காலை அழித்துவிட்டுச் சோளம் விதைத்துக்கொள்கிறேன், மீதிக்குப் பழைய கிணற்றில் ஊறுகிற தண்ணீர் போதும் என்று என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அக்காவுக்கு உடனே போன் போடட்டுமா என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டாங்க" என்றார். "சொன்னா நம்ப மாட்டா. இறங்கித்தான பாப்பா, அப்பத் தெரிஞ்சுக்கட்டும்."

தேர்வு முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். காற்றை முகர்ந்தார். சரியாக இருந்தது. மடுவுக்குப் போனோம். விவசாய மின்சாரம் வந்திருந்த நேரம், சுற்றிலும் மோட்டார்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் மோட்டார் ரூம் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. அக்கா அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டினார். இறங்கினார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வழக்கமான ஒரு இழுப்பு வந்தது, நன்றாக இருக்கிறேன் என்று. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு இழுப்பு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவர் ஒவ்வொரு ஊற்றுக்கண்ணாகப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மேலே வந்து குழாயை வாயிலிருந்து எடுத்தார். முகமூடிக்குள் கண் தெரிந்தது. நாடாப்பாசி மூன்று கன்று வந்திருக்கிறது, விரல் நீளம் என்றார். மணல் துள்ளுகிறது என்றார். கரண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்பறம் எப்படிங்க தம்பி? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

எனக்கு எல்லாம் தெரியும். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் இது.

"தெரியலீங்கக்கா" என்றேன். "போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரூமைப் பார்த்தார். அதற்கு அப்பால், கொடிக்கால் இருந்த இடத்தில் பாதி வெட்டவெளியாக, உழுது போட்ட மண்ணாக இருந்தது. கரையேறி, சிலிண்டரைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். தலைகூடத் துவட்டவில்லை. நீருக்குள் போட்டிருந்த அந்தக் கறுப்பு உடுப்போடு, வரப்பு மேல் தண்ணீர் சொட்டச் சொட்டப் பிறந்த வீட்டைப் பார்த்து நடந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டார். அது என் கையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தக் கயிற்றை விட்டேன்.